எருக்கம்பாலுக்குப் பங்காளிகள்

ஊர்ப்புறத்துத் தரிசிலும் இடிந்த சுவரோரத்திலும் இருப்புப்பாதையின் சரளைச் சரிவிலும், யாரும் விதைக்காமலும் நீர் வார்க்காமலும் வளர்ந்து நிற்கும் எருக்கு, தமிழர் வழக்கில் பாழ்நிலத்தின் அடையாளமாகவே நிலைத்துவிட்ட செடியாகும். ஒருவருடைய குடி கெட வேண்டும் என்று சபிப்பவர் அவர் வீட்டில் எருக்கு முளைக்கட்டும் என்று சொல்வதுண்டு. அதே எருக்கின் பூ விநாயகர் சதுர்த்தியன்று மாலையாகிறது, அதன் இலைகள் ஏழு ரத சப்தமியன்று நீராடுவோரின் தலைக்கு ஏறுகின்றன, சங்க காலத்தில் மடலேறத் துணிந்த காதலன் அதன் பூவைக் கண்ணியாகச் சூடினான். ஆடுமாடுகள் மேய்ந்து மொட்டையாக்கிய புறம்போக்கிலும் இந்த ஒரு செடி மட்டும் சாம்பல் பூத்த தடித்த இலைகளோடு தழைத்து நிற்பதற்கு அதன் பாலே காரணம் என்பதும், முள் தைத்த இடத்தில் அப்பாலை வைப்போர் கூட அது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்வதும் ஊரறிந்த செய்திகள்.

ஆயினும் கால்நடை ஒதுக்கும் இச்செடியைச் சற்று நின்று கவனித்தால், அது ஒரு குடியிருப்பு என்பது புலப்படும். இளந்தளிரில் மஞ்சள் பொடி தூவியதுபோல அசுவினிகள் அப்பிக் கிடக்கும். இலையடியில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரியோடிய புழு ஒன்று மேய்ந்துகொண்டிருக்கும். நீலமும் மஞ்சளும் பட்டை போட்ட வெட்டுக்கிளி ஒளிந்துகொள்ளும் எண்ணமே இன்றித் தண்டில் அமர்ந்திருக்கும். பூவில் பெரிய கருவண்டு சுற்றும். இவற்றுள் பல, எருக்கு தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்து வைத்த நஞ்சைத் தமக்குரிய சொத்தாக்கிக்கொண்டவை. தமிழில் பங்காளி என்ற சொல் உறவையும் பகையையும் ஒருங்கே குறிப்பது. எருக்குக்கும் அதன் பூச்சிகளுக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டில் பெரிதும் காணப்படும் கலோட்ரோபிஸ் ஜைகான்ஷியா, வறண்ட நிலங்களில் மிகுதியாக வளரும் கலோட்ரோபிஸ் புரோசெரா ஆகிய இரு இன எருக்குகளிலும், செடியின் உடலெங்கும் நுண்ணிய பாற்குழாய்கள் ஓடுகின்றன. அக்குழாய்களில் பால் அழுத்தத்தோடு அடைபட்டிருப்பதால், இலையின் ஓரிடத்தில் காயம் பட்டாலும் சுற்றியுள்ள குழாய்களில் இருக்கும் பால் அந்த வாயை நோக்கிப் பாய்ந்து வெளியேறி, காற்றுப் பட்டதும் பிசினாகிறது. கடித்த பூச்சியின் வாயை ஒட்டுவதும் சிறு புழுவை அப்படியே மூழ்கடிப்பதும் இப்பாலின் முதல் வேலை. அதனுள் உள்ள, புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் பூச்சியின் குடலைத் தாக்கக்கூடியவை. இவற்றையும் தாண்டி விழுங்கிவிடும் உயிருக்காகக் காத்திருப்பது கார்டினோலைடுகள் எனப்படும் வேதிப்பொருள் தொகுதியாகும். கலோட்ரோபின், கலாக்டின், உஸ்காரின் முதலியன எருக்கில் உள்ள கார்டினோலைடுகள். அரளியின் நஞ்சும், மருத்துவர்கள் இதய நோய்க்கு மிகச் சிறிய அளவில் கொடுக்கும் டிஜாக்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இந்த நஞ்சு எவ்வாறு கொல்கிறது என்பதை அறிந்தால்தான் பூச்சிகளின் சாமர்த்தியம் விளங்கும். விலங்குகளின் உயிரணுச் சவ்வில் சோடியம்-பொட்டாசியம் ஏற்றி என்றொரு புரதம் பதிந்திருக்கிறது. கிணற்றடி ஏற்றம் போல ஓயாமல் இயங்கும் இப்புரதம், ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதயம் துடிப்பதும் நரம்பில் செய்தி ஓடுவதும் இந்த ஏற்றத்தாழ்வை நம்பியே நடக்கின்றன. கார்டினோலைடு இப்புரதத்தில் ஓரிடத்தில் ஆப்பு அடித்தாற்போல் பொருந்தி, ஏற்றியை நிறுத்திவிடுகிறது. மாட்டுக்கும் மனிதனுக்கும் பூச்சிக்கும் பொதுவான புரதம் ஒன்றைக் குறிவைப்பதால், எருக்கு எதிரிக்கு ஒரு நஞ்சு என்று தனித்தனியே தயாரிக்க வேண்டியதில்லை.

வெந்தய வரியன் என்று தமிழில் பெயர் பெற்றுள்ள, வெந்தய நிற இறகில் கறுப்பு விளிம்பும் வெள்ளைப் புள்ளிகளும் கொண்ட வண்ணத்துப்பூச்சி, இத்தகைய செடியைத்தான் தன் குஞ்சுகளுக்கு உணவாகத் தேர்ந்தெடுக்கிறது. பெண் பூச்சி இலையில் முட்டைகளைக் குவிக்காமல் ஒவ்வொன்றாக இடுகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த கணமே புழுவுக்கு ஆபத்துத் தொடங்கிவிடுகிறது. வட அமெரிக்காவின் பாற்செடிகளில் வாழும் இதன் நெருங்கிய உறவினமான மோனார்க் வண்ணத்துப்பூச்சியை ஆராய்ந்தவர்கள், புதிதாகப் பொரித்த புழுக்களில் கணிசமானவை முதல் சில கடிகளிலேயே பாலில் சிக்கி மடிவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மோனார்க்கின் இளம்புழு தான் உண்ணப்போகும் சிறு பரப்பைச் சுற்றி வட்டமாகக் கடித்துப் பாற்குழாய்களை அறுத்து, பால் வடிந்தபின் அவ்வட்டத்தின் உட்புறத்தை மேய்கிறது. வளர்ந்த புழு இன்னும் துணிச்சலாக, இலையின் நடுநரம்பையே அடிப்பகுதியில் கடித்து விடுகிறது. இலை தொங்கிப்போகிறது, கடித்த வாயில் பால் கொட்டித் தீர்கிறது, நுனிப்பகுதிக்குப் பால் வரத்து நின்றுபோகிறது. மடையை அடைத்துவிட்டு வயலில் இறங்கும் உழவரின் செயலை ஒத்த இவ்வழக்கத்தை டேவிட் டுசோர்ட், தாமஸ் ஐஸ்னர் என்னும் ஆய்வாளர்கள் 1987இல் விரிவாக எடுத்துக்காட்டினர். பால் சுரக்கும் செடிகளை உண்ணும், ஒன்றுக்கொன்று உறவில்லாத பல பூச்சிகள் இதே வழியைக் கையாள்வதையும் அவர்கள் சுட்டினர். எருக்கிலை ஒன்று காரணமின்றி மடிந்து தொங்கினால் அதன் அடியில் வரியன் புழுவைத் தேடிப் பார்ப்பது வீண்போகாது.

இங்கு ஒரு சொல்லைப் பற்றிய எச்சரிக்கை தேவைப்படுகிறது. இத்தகைய செயல்களைத் தந்திரம் என்றும் உத்தி என்றும் எழுதுவது வழக்கமாகிவிட்டாலும், புழு எதையும் திட்டமிடுவதில்லை. நரம்பைக் கடிக்கும் இயல்பு தற்செயலாக வாய்த்த புழுக்கள் பிழைத்தன, வாய்க்காதவை பாலில் ஒட்டி மாண்டன, பிழைத்தவற்றின் வழித்தோன்றல்களே இன்று கண்ணில் படுகின்றன. பல லட்சம் தலைமுறைகளின் இறப்புக் கணக்கே உத்தி என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்திருக்கிறது.

பாலை வடித்துவிட்டாலும் இலையின் சதையில் கார்டினோலைடு எஞ்சியே இருக்கிறது. அதை உண்டும் மோனார்க் புழு சாகாததன் காரணத்தை 1992இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதன் ஏற்றிப் புரதத்திலேயே கண்டறிந்தனர். புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிமாலை போலக் கோத்து உருவான சங்கிலி. அச்சங்கிலியில் 122ஆம் மணியாக மற்றப் பூச்சிகளில் அஸ்பராஜின் இருக்க, மோனார்க்கில் ஹிஸ்டிடின் இருந்தது. ஒரு மணி மாறியதால் நஞ்சு முன்போல் பொருந்த முடியவில்லை. இதைவிட வியப்பான செய்தி 2012இல் வெளிவந்தது: கார்டினோலைடுள்ள செடிகளை உண்ணும் வண்டு, நாவாய்ப்பூச்சி, ஈ, வண்ணத்துப்பூச்சி ஆகிய வெவ்வேறு குலத்துப் பூச்சிகளின் ஏற்றிப் புரதங்களை ஒப்பிட்ட ஆய்வுகள், பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இக்குலங்கள் பலவற்றில் அதே 122ஆம் இடமும் வேறு சில குறிப்பிட்ட இடங்களும் தனித்தனியே மாறியிருப்பதைக் காட்டின. ஒரே பூட்டைத் திறக்க வெவ்வேறு ஊர்க் கொல்லர்கள் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வடிவச் சாவியை அடித்தது போன்றது இது.

இம்மாற்றத்துக்கு விலை உண்டா என்ற வினாவுக்கு 2019இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோவா வைட்மன் குழுவினர் விடை தேடினர். மரபணுவைக் குறித்த இடத்தில் திருத்த உதவும் கிரிஸ்பர் முறையால், சாதாரணப் பழ ஈயின் ஏற்றிப் புரதத்தில் மோனார்க்கில் உள்ள மூன்று மாற்றங்களையும் அவர்கள் புகுத்த, அந்த ஈக்கள் நஞ்சு கலந்த உணவைத் தின்று வளர்ந்ததோடு, அந்நஞ்சில் சிறிதளவைப் புழுப் பருவத்திலிருந்து சிறகு முளைத்த பருவம் வரை உடலில் எடுத்துச் செல்லவும் செய்தன. ஆனால் 122ஆம் இடத்தை மட்டும் தனியே மாற்றிய ஈக்களைப் புட்டியோடு உலுக்கியபோது அவை செயலற்று விழுந்தன. 119ஆம் இடத்து மாற்றமும் சேர்ந்திருந்தபோதுதான் அக்குறை தணிந்தது. படிகளைத் தவறான வரிசையில் ஏறும் உயிர், நஞ்சுக்குத் தப்பினாலும் நரம்புக் கோளாற்றுக்குத் தப்புவதில்லை என்பதே இதன் பொருள்.

நஞ்சைத் தாங்குவது ஒரு படி, அதைச் சேமிப்பது அடுத்த படி. மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் உடலில் இதய நஞ்சுகள் இருப்பதை 1968இல் வேதியியல் முறையில் உறுதி செய்த குழுவில், கார்ட்டிசோன் தொடர்பான ஆய்வுக்காக 1950இல் நோபல் பரிசு பெற்ற டாடியஸ் ரைக்‌ஷ்டைனும், பள்ளிக்கூடமே செல்லாமல் உலகின் தலைசிறந்த பூச்சியியலாளர்களுள் ஒருவரான மிரியம் ராத்ஸ்சைல்டும் இருந்தனர். அதே காலத்தில் அமெரிக்காவின் லிங்கன் புரோவர், நஞ்சுச் செடியில் வளர்ந்த மோனார்க்குகளை நீல ஜே என்னும் பறவைகளுக்கு உண்ணக் கொடுத்தார். உண்ட பறவை சிறிது நேரத்தில் வாந்தியெடுத்தது. அதன்பின் வெந்தய நிறச் சிறகைக் கண்டாலே ஒதுங்கியது. புழு காலத்தில் தின்ற செடியின் நஞ்சு கூட்டுப்புழு உறக்கத்தையும் கடந்து சிறகு வரை வந்து சேர்கிறது என்பதும், பளிச்சென்ற நிறம் அந்நஞ்சுக்கான விளம்பரப் பலகை என்பதும் இவ்வாறு தெளிவாயின.

எனினும் எல்லாப் பூச்சியிலும் சரக்கு இருப்பதில்லை. வெந்தய வரியனில் நஞ்சின் அளவு செடிக்குச் செடி, இடத்துக்கு இடம் வேறுபடுவதும், சிலவற்றில் அது இல்லாமலே போவதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளன. நஞ்சுள்ள உடன்பிறப்புகள் ஈட்டிய பெயரால் பறவைக்குத் தப்பும் இப்பதர்களைத் தன்னினப் போலிகள் என்று சொல்லலாம். முழுக்க வேறொரு கிளையைச் சேர்ந்த ஹைப்போலிம்னாஸ் மிசிப்பஸ் என்னும் வண்ணத்துப்பூச்சியின் போலித்தனமோ இன்னும் துணிச்சலானது. அதன் ஆண் கருஞ்சிறகில் வெண்வட்டங்களோடு தனக்குரிய தோற்றத்தில் திரிய, பெண் மட்டும் வரியனைப் போலவே வெந்தயச் சிறகு பூண்டு பறக்கிறது. எருக்கை அது தொடுவதில்லை, நஞ்சும் அதனிடம் இல்லை. தீங்கற்ற உயிர் தீங்குள்ள உயிரின் வேடமணிவதை அமேசான் காடுகளில் கண்டு 1862இல் விளக்கிய ஹென்றி வால்டர் பேட்ஸின் பெயராலேயே இவ்வகைப் போலி இன்றும் வழங்கப்படுகிறது.

எருக்கின் நஞ்சை எறிபடையாக்கிக்கொண்டது வெட்டுக்கிளி. போக்கிலோசெரஸ் பிக்டஸ் என்னும் இந்த வண்ண வெட்டுக்கிளியின் இளம் பருவத்தைப் பிடித்தால், அது தன் உடலிலிருந்து ஒரு நீர்த்தாரையைச் சில அங்குலத் தொலைவுக்குப் பீய்ச்சியடிக்கிறது. இதன் உறவினமான, மேற்கு ஆசியாவில் வாழும் வெட்டுக்கிளியின் சுரப்பில் கார்டினோலைடுகள் இருப்பது 1967இலேயே, மோனார்க் பற்றிய செய்திக்கும் ஓராண்டு முன்னதாக, வெளியிடப்பட்டது. அசுவினிக்கோ பீய்ச்சவும் பறக்கவும் தேவையில்லை. ஆணின்றியே பெண்கள் பெண்களை ஈன்று பெருகும் இந்த மஞ்சள் அசுவினி கூட்டத்தோடு உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, நஞ்சை உடலில் ஏற்றிக்கொள்கிறது. இதைத் தின்ற சிலந்தி அதன்பின் பின்னிய வலை தாறுமாறாகிப் போனதை 1989இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. குடித்தவன் நடையில் தள்ளாட்டம் தெரிவதுபோல, சிலந்தி உண்ட நஞ்சு அதன் நூலில் தெரிகிறது.

தோட்டத்து அரளியில் வெள்ளிக் கூடுகளைத் தொங்கவிடும் வெண்புள்ளிக் கருப்பன் என்னும் வண்ணத்துப்பூச்சி, இக்கதையில் ஒரு விதிவிலக்கு. வரியனோடு ஒரே கிளையைச் சேர்ந்ததாயினும் அதன் ஏற்றிப் புரதம் நஞ்சைத் தாங்குவதற்கேற்ப மாறவில்லை, அரளியின் கார்டினோலைடை அது சேமிப்பதுமில்லை. ஆயினும் அரளியைத் தின்று அதன் புழு நலமாகவே வளர்கிறது. நஞ்சைத் தாங்க ஒரே வழிதான் உண்டு என்று முடிவு கட்டுவோர் இக்கருப்பனை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. அப்படியானால் அதன் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது? எருக்குக்குத் தொடர்பே இல்லாத தேட்கொடுக்கு, கிலுகிலுப்பை போன்ற செடிகளிலிருந்து வருகிறது. இச்செடிகளின் வாடிய தழைகளையும் காய்ந்த தண்டுகளையும் வரியன், கருப்பன் வகை ஆண் பூச்சிகள் மொய்த்துக் கிடப்பது பலரும் பார்த்திருக்கக்கூடிய காட்சி. காலால் கீறி, உறிஞ்சுகுழலால் நனைத்து, அவை எடுப்பது தேனன்று. பைரோலிசிடின் ஆல்கலாய்டு எனப்படும், ஈரலைத் தாக்கும் நஞ்சாகும். அந்நஞ்சு அவற்றின் உடலைக் காப்பதோடு, அதிலிருந்தே ஆண் பூச்சி பெண்ணைக் கவரும் மணப்பொருளைத் தயாரித்து, வயிற்று நுனியிலுள்ள தூரிகை மயிர்களால் பெண்ணின்மேல் தூவுகிறது. கூடும்போது ஒரு பங்கு பெண்ணுக்கும், அவள் வழியாக முட்டைகளுக்கும் செல்கிறது. நஞ்சைச் சீதனமாகக் கொண்டுவராத மாப்பிள்ளைக்கு மணமே இல்லை, மணமில்லாதவனுக்குப் பெண் கிடைப்பதும் கடினம்.

இந்தத் தேவை எவ்வளவு கடுமையானது என்பதை இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில், டாங்கோகோ காப்பகத்தில் 2019 டிசம்பரில் காணப்பட்ட நிகழ்ச்சி உணர்த்தியது. அங்கே வரியன் கிளையைச் சேர்ந்த பல இன வண்ணத்துப்பூச்சிகள், ஆல்கலாய்டுச் செடியை உண்டு கொண்டிருந்த, தம் கிளையையே சேர்ந்த புழுக்களை உயிரோடு கீறி, கசியும் சாற்றை உறிஞ்சின. 2021இல் இதை வெளியிட்டவர்கள் அதற்கு மருந்துத் திருட்டு என்னும் பொருள்படப் புதுச்சொல் ஒன்றை ஆக்கினர். மலருக்கு மலர் தாவித் தேன் மட்டும் பருகும் மென்மையான உயிராக வண்ணத்துப்பூச்சியைப் பாடி வந்தவர்களுக்கு இச்செய்தி சற்றுக் கசப்பாகவே இருக்கும்.

எருக்கு எல்லாப் பூச்சியையும் விரட்டிவிடவும் முடியாது. காய்க்க வேண்டுமானால் அதற்கு ஒரு தூதர் தேவை. அதன் மகரந்தம் மற்றப் பூக்களில் போலத் தூளாக இராமல், மெழுகுப் பொதிகளாக இரண்டிரண்டு சேர்த்து ஒரு சிறு கவ்வியில் மாட்டப்பட்டிருக்கிறது. பூவின் நடுவே கிரீடம்போல் நிற்கும் பகுதியின் ஐந்து பக்கத்திலும் ஒடுங்கிய பிளவுகள் உள்ளன. தேனுக்காக வந்து அமரும் பூச்சியின் கால் அப்பிளவில் நழுவி மேலேறும்போது கவ்வி அதைப் பற்றிக்கொள்ள, பூச்சி காலை உருவினால் பொதி இரண்டும் உடன் வருகின்றன. அடுத்த பூவில் அதே போன்ற பிளவில் பொதி செருகப்பட்டால்தான் சூல் பிடிக்கும். காலை உருவ வலுவற்ற சிறு பூச்சிகள் அங்கேயே மாட்டிக்கொண்டு சாவதும் உண்டு. பட்டுப்போன மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டுக் குடியிருக்கும் தச்சுத் தேனீ, அதாவது ஊரில் கருவண்டு என்று சொல்லப்படும் பெரிய தேனீயே இவ்வேலைக்குத் தகுந்த உடல்வலு உடையது. இத்தனை சிக்கலான ஏற்பாட்டின் விளைவாகப் பூத்த பூக்களில் மிகச் சிலவே காயாகின்றன. ஆனால் ஒரு காய் வெடித்தால் போதும், பட்டுக்குஞ்சம் கட்டிய விதைகள் நூற்றுக்கணக்கில் காற்றில் ஏறிவிடுகின்றன. தமிழகத்துச் சிறுவர்கள் அவற்றைத் தாத்தாப்பூச்சி என்று அழைத்துத் துரத்துகிறார்கள். செடியின் விதையைப் பூச்சி என்று பெயரிட்டவர்கள் அறியாமலே இக்கட்டுரையின் பொருளுக்கு அருகில் வந்துவிட்டார்கள்.

அப்படிப் பறக்கும் விதைகளின் வீச்சு ஆஸ்திரேலியாவில் தொல்லையாக மாறியிருக்கிறது. அங்கே வந்து சேர்ந்த எருக்கு குயின்ஸ்லாந்து உள்ளிட்ட வடபகுதி மேய்ச்சல் நிலங்களில் பரவி வளர, அதைக் கட்டுப்படுத்த ஆய்வாளர்கள் தேடி வந்தது எருக்கின் தாயகத்துப் பகைவர்களையே. காயைத் துளைத்து விதையைத் தின்னும் ஒரு கூன்வண்டும், எருக்கங்காய்க்கே உரிய ஒரு பழ ஈயும் அவர்கள் பட்டியலில் முன்னிடம் பெற்றன. இந்தியாவில் எருக்கை ஓரளவுக்கு அடக்கி வைத்திருப்பவை எவை என்ற கேள்வி, அது அடங்காத நாட்டிலிருந்து எழுந்ததில் வியப்பில்லை.

செடி இத்தனை பங்காளிகளையும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதற்கும் சான்றுகள் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் அனுராக் அகர்வால் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாற்செடி ஒன்றின் இலையில் மிகுதியாக உள்ள வோருஸ்காரின் என்னும் கார்டினோலைடு, மோனார்க்கின் மாறிய ஏற்றியைக்கூட மற்றவற்றைவிட வலுவாகத் தாக்குகிறது; புழு அதை வேறு கார்டினோலைடுகளாக மாற்றித்தான் சேமிக்க வேண்டியிருக்கிறது, அம்மாற்று வேலை அதன் வளர்ச்சியைக் குறைக்கிறது. வோருஸ்காரின் எருக்கிலும் உள்ள பொருளே. வேறு சில பாற்செடிக் கிளைகளோ, காலப்போக்கில் நஞ்சைக் கூட்டுவதற்குப் பதிலாகக் குறைத்துக்கொண்டு, தின்னப்பட்ட இலைக்கு ஈடாக விரைந்து துளிர்க்கும் வழிக்குத் திரும்பியிருக்கின்றன என்று அதே ஆய்வாளர் 2008இல் காட்டினார். வழக்காடிக் களைத்தவர் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் புது நிலம் திருத்தப் போவதுபோல் இது தோன்றுகிறது.

நஞ்சின் பயணம் பூச்சியோடு நின்றுவிடவுமில்லை. மெக்சிகோ மலைகளில் குளிர்காலம் கழிக்கும் மோனார்க்குகளைத் தின்னும் கருந்தலைக் குரோஸ்பீக் பறவையின் ஏற்றிப் புரதத்திலும் நஞ்சைத் தாங்குவதற்கேற்ற மாற்றங்கள் இருப்பதை 2021இல் வைட்மன் குழுவினர் கண்டறிந்தனர். அதே ஆய்வில் இடம்பெற்ற இன்னோர் உயிர், கரும்பு உழவர்களுக்குப் பெயரளவில் பழக்கமானது: தண்டுத் துளைப்பானை ஒழிக்க அட்டையில் ஒட்டித் தோட்டத்தில் கட்டப்படும் டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணிக் குளவியின் இனத்தைச் சேர்ந்த ஒன்று அது. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத அக்குளவி மோனார்க்கின் முட்டைக்குள் தன் முட்டையை இடுகிறது. செடி புழுவுக்கும், புழு வண்ணத்துப்பூச்சிக்கும், தாய் முட்டைக்கும் கைமாற்றிய நஞ்சுக்கு நடுவில் பிறந்து வளரும் அக்குளவியின் ஏற்றியிலும், அந்நஞ்சு பொருந்தும் இடத்தில் மணிகள் மாறியிருந்தன.